ஆரணிக் கடைத்தெருவும் அதன் எடைக்கற்களும்

ஆரணி என்றதும் வெளியூர்க்காரர்களுக்குப் பட்டும் அரிசியும்தான் ஞாபகம் வரும். ஊரில் சில காலம் வாழ்ந்தவர்களுக்கு இன்னொன்றும் ஞாபகம் வரும். அது தராசு. மண்டியில் மூட்டை நிறுக்கும் பெரிய தராசு, காய்கறிக் கடையில் தூக்கிப் பிடிக்கும் கைத்தராசு, பட்டு முதலாளி வீட்டில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த சின்னத் தராசு. 1970களில் அரசு அலுவலக எழுத்தராக மாற்றலாகி வந்து அந்த ஊரில் குடியிருந்தவன் நான். இந்த மூன்று தராசுகளுக்கும் நடுவில்தான் ஊர் வியாபாரம் நடந்தது என்பது அப்போதே கண்ணில் பட்டது. ஓய்வு பெற்ற பிறகு உட்கார்ந்து யோசித்தபோது அதன் பொருள் இன்னும் கொஞ்சம் விளங்கியது. அதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் நெல். ஆரணியைச் சுற்றி ஏரிப் பாசனம். பக்கத்தில் கமண்டல நாகநதி. சொர்ணவாரி, சம்பா, நவரை என்று தண்ணீர் இருக்கும் வருடத்தில் மூன்று போகம். இந்தச் செழிப்பு நேற்று வந்ததல்ல. 1780களில் ஹைதர் அலி ஆற்காட்டுச் சீமையில் படையோடு இருந்தபோது, அவருடைய தானியமும் தளவாடமும் ஆரணிக் கோட்டையில்தான் இருந்தன. அதனால்தான் ஆங்கிலத் தளபதி அயர் கூட் ஆரணியை நோக்கி வந்தார். 1782 ஜூன் 2ஆம் தேதி இங்கே சண்டை நடந்தது. கோட்டையை அவரால் பிடிக்க முடியவில்லை. அதற்கு முன்பே, 1751 டிசம்பரில், கிளைவ் இதே ஆரணியில் சந்தா சாகிபின் மகன் ராசா சாகிபையும் அவருக்குத் துணையாக வந்த பிரெஞ்சுப் படையையும் தோற்கடித்திருந்தார். நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்கள் வாத்தியார்கள் இந்தச் சண்டையை ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். தோற்ற கதையை யார் விரிவாகச் சொல்வார்கள்?

ஊர் நீண்ட காலம் மராட்டிய ஜாகிர்தார்களிடம் இருந்தது. சத்தியவிஜயநகரத்து அரண்மனை இன்னும் அதற்குச் சாட்சியாக நிற்கிறது. 1890களில் விழுப்புரம் காட்பாடி ரயில் பாதை வந்தது. ஆனால் 'ஆரணி ரோடு' ஸ்டேஷன் ஊரை விட்டு எட்டி, களம்பூர்ப் பக்கம் அமைந்தது. களம்பூர் பிற்காலத்தில் அரிசி ஆலைகளுக்கும் பொன்னி அரிசிக்கும் பெயர் வாங்கியது. நானும் புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் வந்து, ரயில் மாறி, அந்த ஸ்டேஷனில் இறங்கித்தான் முதன்முதலில் ஆரணிக்குப் போனேன்.

இனி அளவைக்கு வருகிறேன். என் வயதுக்காரர்களுக்கு இதெல்லாம் மனப்பாடம். எட்டு ஆழாக்கு ஒரு படி. எட்டுப் படி ஒரு மரக்கால். நிறுப்பதென்றால் நாற்பது பலம் ஒரு வீசை, எட்டு வீசை ஒரு மணங்கு. ஒரு பலம் இன்றைய கணக்கில் சுமார் 35 கிராம், ஒரு வீசை சுமார் 1,400 கிராம். படியால் அளக்கும்போது தலை தட்டி அளப்பதா, கும்பமாக அளப்பதா என்பதில் ஒரு கைப்பிடி வித்தியாசம் வரும். அந்தக் கைப்பிடிக்காகச் சண்டையும் வரும். நெல் அளப்பவர் 'ஒன்று' என்று சொல்லமாட்டார். 'லாபம்' என்றுதான் தொடங்குவார். லாபம், ரெண்டு, மூணு என்று ராகம் போட்டு எண்ணுவார். யாருக்கு லாபம் என்று வாங்குகிறவரும் கேட்டதில்லை, விற்கிறவரும் சொன்னதில்லை.

1957 ஏப்ரல் 1 முதல் நயா பைசா வந்தது. 1958 அக்டோபரிலிருந்து கிலோ படிப்படியாக வந்தது, 1962 ஏப்ரலில் நாடு முழுவதும் சட்டப்படி அதுவே அளவையானது. பிரான்சில் இதற்கு 1795லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். அதனால் புதுச்சேரிப் பள்ளியில் நாங்கள் சின்ன வயதிலேயே கிலோவிலும் மீட்டரிலும் கணக்குப் போட்டோம். சாயங்காலம் அம்மா கடைக்கு அனுப்பினால் அங்கே படியும் வீசையும்தான். ஆரணிக்கு வந்தபோதும் அதே நிலைதான். முத்திரை குத்திய கிலோ கல்லைத் தட்டில் வைத்துவிட்டு, வாயில் 'அரை வீசை கத்திரிக்காய்' என்று சொல்வார்கள். மனக்கணக்கிலேயே மாற்றிக்கொள்வார்கள். மல்லாட்டை விற்கும் ஆயா உழக்கைக் கடைசி வரை கீழே வைக்கவில்லை.

பட்டு உலகத்தில் இன்னொரு அளவை இருந்தது, இன்றும் இருக்கிறது. ஜரிகையைக் கிலோவில் கேட்கமாட்டார்கள், 'மார்க்' என்றுதான் கேட்பார்கள். ஒரு மார்க் 242 கிராம். முதல் தடவை இதைக் கேட்டபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மெட்ரிக் வருவதற்கு முன் பிரான்சில் தங்கமும் வெள்ளியும் நிறுத்த எடைக்குப் பெயரும் 'மார்க்'தான். அது ஏறக்குறைய 245 கிராம். சூரத் ஜரிகை இந்தச் சந்தையைப் பிடிப்பதற்கு முன்பு பிரான்சிலிருந்து ஜரிகை கப்பலில் இந்தியாவுக்கு வந்துகொண்டிருந்தது. பெயரும் ஒன்று, எடையும் கிட்டத்தட்ட ஒன்று. அந்த ஜரிகையோடு வந்து தங்கிவிட்ட எடை இது என்பதே என் எண்ணம். பிரான்சில் இந்த மார்க்கை இன்று யாரும் புழங்குவதில்லை. சேவூரிலும் ஒண்ணுபுரத்திலும் தேவிகாபுரத்திலும் தறி போட்டவர்களுக்கு அது அன்றாடப் பேச்சு.

இந்த எடையில்தான் நெசவாளி குடும்பத்தின் சாப்பாடு இருந்தது. எப்படி என்று சொல்கிறேன்.

ஆரணியில் பெரும்பாலான நெசவாளிகள் பட்டை வாங்குவதும் இல்லை, புடவையை விற்பதும் இல்லை. கச்சாப் பட்டு கர்நாடகத்திலிருந்து வரும். ஜரிகை சூரத்திலிருந்து வரும். இரண்டையும் முதலாளி வாங்குவார். பட்டைச் சோப்புத் தண்ணீரில் காய்ச்சிப் பசை நீக்கிச் சாயம் போடுவார்கள். ஒரு கிலோ கச்சாப் பட்டு இதில் முக்கால் கிலோவாகிவிடும். பிறகு பாவும் ஊடையும் ஜரிகையும் நிறுத்து நெசவாளியிடம் தரப்படும். அவர் வீட்டுக் குழித்தறியில் நெய்து புடவையைக் கொண்டுபோய்க் கொடுப்பார். அங்கே மறுபடி நிறுப்பார்கள். கழிவுக்கு இவ்வளவு என்று ஒரு கணக்கு உண்டு. அதற்கு மேல் குறைந்தால் கூலியில் பிடித்தம்.

பட்டு ஈரத்தை இழுக்கும் சரக்கு. வணிக வழக்கில் உலர்ந்த பட்டோடு நூற்றுக்குப் பதினொரு பங்கு ஈரத்தைச் சேர்த்துத்தான் அதன் சரியான எடை என்று வைப்பார்கள். காற்றில் ஈரம் கூடினால் பட்டின் எடையும் கூடும். ஐப்பசி மழையில் நிறுத்து வாங்கிய பட்டு, தை மாத வெயிலில் புடவையாகத் திரும்பும்போது கொஞ்சம் இளைத்துத்தான் இருக்கும். இழை ஒன்றுகூட வெளியே போயிருக்காது. ஆனாலும் தட்டு இறங்காது. பக்கத்து வீட்டு நெசவாளி ஒருவர் ஒருநாள் என்னிடம், "நான் என்ன சார் பண்றது? தறி எங்க வீட்டுல இருக்குது, தராசு அவங்க வீட்டுல இருக்குது" என்றார். நல்ல முதலாளிகள் இதைப் புரிந்துகொண்டு விட்டுக்கொடுப்பார்கள். அப்படிப்பட்டவர்களும் ஊரில் இருந்தார்கள். ஆனால் விட்டுக்கொடுப்பது அவர் மனசைப் பொறுத்தது.

பிரான்சின் பட்டு நகரமான லியோனில் இதே தகராறு இருந்தது. 1805இல் அங்கே அரசு ஆணைப்படி பட்டுக்கென்றே பொது நிறுவைக் கூடம் ஏற்படுத்தினார்கள். விற்பவர் வாங்குபவர் இருவருக்கும் பொதுவாக, பட்டின் ஈரத்தைக் கணக்கிட்டு எடை சொல்வதுதான் அதன் வேலை. அந்தக் கட்டடம் இன்றும் அங்கே நிற்கிறது. அதனால் லியோன் நெசவாளிகளின் கஷ்டமெல்லாம் தீர்ந்துவிடவில்லை. கூலிக்காக அவர்கள் 1831இல் கிளர்ந்தெழுந்தார்கள். ஆனால் எடை என்ற ஒரு விஷயமாவது பொதுக் கூடத்துக்கு வந்துவிட்டது. ஆரணி நெசவாளிக்கும் அப்படி ஒரு பொதுத் தராசு தெருமுனையில் கிடைத்திருந்தால் எவ்வளவோ வீட்டில் மனக்கசப்பு குறைந்திருக்கும்.

கூலி வரும் வரை வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே. அதற்கு மளிகைக் கடை. ஒரு பாவில் சில புடவைகள், முடிய வாரக்கணக்காகும். அதுவரை அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் பற்று நோட்டில். பாவு அறுத்த அன்று கடைக்காரருக்குத் தெரிந்துவிடும். அன்று சாயங்காலம் நோட்டில் வரவு விழும். விவசாயிக்கும் அதே கடை, அதே நோட்டு. அவர் அறுவடைக்குப் பிறகு கொடுப்பார். ஆடியில் கல்யாணம் கிடையாது, பட்டுப் புடவை நகராது, தறிக்கூலி சுருங்கும். ஜனங்கள் படவேடு ரேணுகாம்பாளுக்கு நடப்பார்கள். ஆனால் ஆடி ஆவணியில்தான் சொர்ணவாரி அறுவடை. நெல் பணம் கடைக்கு வரும். அந்தப் பணத்தை வைத்துக் கடைக்காரர் நெசவாளிக்குக் கடனை நீட்டிப்பார். தீபாவளி, தை முகூர்த்தம் என்று பட்டு ஓடும்போது, நடவுக்குப் பணமில்லாத விவசாயியின் பற்று நீளும். இப்படி நெல்லும் பட்டும் மாறி மாறிக் கை கொடுத்தன. பாவுக்குப் போடும் கஞ்சிகூட அரிசிக் கஞ்சிதான்.

இதையெல்லாம் பொற்காலம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. பற்று நோட்டைவிடக் கனமான நோட்டு ஒன்று முதலாளி வீட்டில் இருந்தது. முன்பணம். மகள் கல்யாணம், வைத்தியம், தறி போடுவது என்று வாங்கிய பணம். வட்டி கிடையாது. ஆனால் அது தீரும் வரை வேறு ஒருவருக்கு நெய்ய முடியாது. வேறு இடத்துக்குப் போக வேண்டுமென்றால் புது முதலாளி பழைய கணக்கை முடித்து எடுத்துக்கொள்ள வேண்டும். கடனோடு ஆளும் மாறுவார். கோர்வைப் புடவைக்குத் தறியின் மறுபக்கம் நாடா வாங்கிப் போட ஒரு ஆள் வேண்டும். கூலிக்கு ஆள் வைக்க முடியாத வீட்டில் அங்கே ஒரு பிள்ளை உட்கார்ந்துவிடும். 1986இல் வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டம் நெசவு வேலையில் பிள்ளைகளைச் சேர்க்கக் கூடாது என்றது. ஆனால் குடும்பத்தோடு வீட்டில் செய்யும் வேலைக்கு விலக்கும் கொடுத்தது. தறி இருப்பதே வீட்டில்தான். எட்டு மணிக்குப் பள்ளிக்கூட மணி அடிக்கும்போது உள்ளே தறி ஓடும் சத்தத்தையும் கேட்டவன் நான்.

இதற்கு மாற்றாக வந்தவை கூட்டுறவுச் சங்கங்கள். 1935இல் கோ-ஆப்டெக்ஸ் தொடங்கிய பிறகு சங்கங்கள் மெல்ல வளர்ந்தன. பட்டுச் சங்கங்களில் பட்டும் ஜரிகையும் சங்கக் கணக்கில் வரும், கூலி விகிதம் எழுத்தில் இருக்கும், வருட முடிவில் போனஸ் உண்டு, சேமிப்பு நிதி உண்டு. அங்கேயும் புடவை தேங்கிய காலத்தில் பாவு கிடைக்காமல் காத்திருந்தவர்கள் உண்டு. என்றாலும் கணக்கு எல்லோரும் பார்க்கும் பேரேட்டில் இருந்தது. நான் வாழ்நாள் முழுவதும் பேரேடு எழுதிய ஆள். எழுத்தில் இருக்கும் கணக்குக்கும் ஒருவர் மனசில் இருக்கும் கணக்குக்கும் உள்ள வித்தியாசம் எனக்குத் தெரியும்.

இன்று ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. ஆனாலும் ஆரணியில் நெய்த புடவை காஞ்சிபுரம் கடை வழியாகப் போய்க் காஞ்சிப் பட்டாகப் பெட்டி ஏறுவது நிற்கவில்லை. 1985ஆம் வருடச் சட்டம் பட்டுச் சேலையைக் கைத்தறிக்கு ஒதுக்கியது. ஆனால் விசைத்தறிச் சத்தம் ஊர் ஊராகக் கேட்கிறது. தறி இருந்த வீட்டுப் பிள்ளைகள் செய்யாறு சிப்காட்டுக்கும் சென்னைக்கும் வேலைக்குப் போகிறார்கள். பள்ளிக்கூடம் முடித்துப் போகிறார்கள் என்பதில் எனக்குச் சந்தோஷமே. கடைகளில் மின்னணுத் தராசு கிராமைச் சிவப்பு எழுத்தில் காட்டுகிறது. மளிகைக் கடையில் செல்போனைக் காட்டினால் பணம் போய்விடுகிறது. பற்று நோட்டு மெல்ல மெல்ல மறைகிறது.

அந்த நோட்டைப் பற்றித்தான் கடைசியாக ஒரு வேண்டுகோள். ஆரணி, சேவூர், முள்ளிப்பட்டு, தேவிகாபுரம் பக்கம் உள்ள வாசகர்கள் வீட்டுப் பரணில் பழைய மளிகைப் பற்று நோட்டோ, பாவு கொடுத்த சிட்டையோ, சங்கத்துப் பாஸ் புத்தகமோ இருந்தால் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். ராஜாக்களின் சண்டை எப்போது நடந்தது என்பதற்குப் புத்தகம் இருக்கிறது. ஒரு நெசவாளி வீட்டில் ஐப்பசி மாதம் எத்தனை படி அரிசி வாங்கினார்கள், எத்தனை கிராமுக்குக் கூலி பிடித்தார்கள் என்பது அந்த நோட்டில் மட்டும்தான் இருக்கிறது. பேரப்பிள்ளைகளை விட்டுச் செல்போனில் படமாவது எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பலம், வீசை என்று எழுதியிருந்தால் பக்கத்தில் கிராம் கணக்கையும் நீங்களே எழுதி வையுங்கள். அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் நம் வயதுக்காரர்கள்தான்.