ஷெட்டுக்கும் தனி மெயின் சுவிட்ச்

அமெரிக்காவின் தேசிய மின் விதித்தொகுப்பு 1897-ல் முதலில் வெளியானது. 1911 முதல் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் அதைப் பராமரிக்கிறது.

வீட்டிலிருந்து தள்ளி நிற்கும் கார் ஷெட், பட்டறைக்கு மின்சாரம் கொண்டுபோனால், அதைத் துண்டிக்கும் சுவிட்ச் அங்கேயே, எளிதில் எட்டும் இடத்தில் வேண்டும் என்கிறது அதன் 225-ஆம் பிரிவு. ஷெட்டில் தீப்பிடித்தால் வீட்டுக்கு ஓடிவந்து அணைக்க நேரமிருக்காது.

முன்பு சில நிபந்தனைகளோடு நியூட்ரல் கம்பியே எர்த் வேலையையும் பார்க்கலாம் என்றிருந்தது. அந்த நியூட்ரல் அறுந்தால், ஷெட்டிலுள்ள இயந்திரங்களின் உலோக உடலில் மின்சாரம் ஏறிவிடும். 2008 பதிப்பு, புதிய இணைப்புகளுக்குத் தனி எர்த் கம்பியைக் கட்டாயமாக்கியது.

நாடு வேறானாலும் ஆபத்து ஒன்றுதான். நம் பம்ப் ரூம், செக்யூரிட்டி அறை இரண்டிலும் சுவிட்ச் எங்கே, எர்த் உண்டா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுவது நல்லது.