விளக்குச் சுடரில் விளைந்த மணிகள்

உலைத் தீயினால் நகரமே எரிந்துபோகுமோ என்றஞ்சிய வெனிஸ் நகரத்துப் பேரவை, கண்ணாடி உலைகள் யாவும் மூரானோத் தீவுக்குப் பெயரவேண்டுமென 1291-ஆம் ஆண்டில் கட்டளையிட்டது. நாளடைவில் உலை நடத்தும் உரிமை சில குடும்பங்களின் பரம்பரைச் சொத்தாயிற்று. தொழில் இரகசியத்தை அயல்நாட்டுக்குக் கொண்டு செல்வது இராஜத் துரோகத்துக்கு ஒப்பான குற்றமாயிற்று. இத்தகைய கட்டுக்காவல் நிறைந்த உலகில், படிகம்போல் தெளிந்த கண்ணாடியை உருவாக்கிய மேதையென்று போற்றப்பெறும் ஆஞ்ஜெலோ பரோவியெரின் புதல்வி மரியெத்தா, தமக்கென்று ஒரு சிற்றுலை அமைத்துக்கொள்ள வெனிஸ் குடியரசின் தலைவரான அகொஸ்தீனோ பர்பரீகோவிடம் 1487-இல் அனுமதி பெற்றார் என்பது, கண்ணாடியின் சரித்திரத்தில் நான் மிகவும் மதிக்கும் செய்தியாகும். வெண்மை, செம்மை, நீலம் என அடுக்கிய வர்ணங்களுக்கிடையே நட்சத்திரம் தோன்றும் ‘ரொசெத்தா’ மணியை முதன்முதலில் வகுத்தவரும் அவரே என்று மூரானோ மரபு கூறுகிறது.

ஆனால், உலை என்பது மூலதனமும் ஆள்பலமும் உடையவர்க்கே உரியது. உருகிய கண்ணாடித் திரளின் நடுவே துளையுண்டாக்கி, அதன் இரு முனைகளையும் பற்றிய இருவர் எதிரெதிர்த் திசையில் ஓட, நீண்டு மெலிந்து குளிர்ந்த குழலை நறுக்கி எடுப்பதே சிறுமணி செய்யும் முறை. (குழலை இழுத்து நறுக்கும் இவ்வித்தையை அரிக்கமேட்டுக் கைவினைஞர் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே நன்கறிந்திருந்தனர்.) விளக்கு மணியோ ஒருவர் கைக்குள் அடங்கும் தொழில். காலால் மிதிக்கும் துருத்தியின் காற்று எண்ணெய் விளக்கின் சுடரைக் கூர்மையாக்க, அச்சுடரில் கண்ணாடிக் கோலின் நுனியை இளக்கி, மெல்லிய உலோகக் கம்பியின்மேல் சுற்றி, கம்பியை இடையறாது உருட்டி உருண்டையாக்கி, அதன்மேல் பிறவர்ண இழைகளால் பூவும் கொடியும் தீட்டி, பிறகு மெல்ல மெல்ல ஆறவிடுவார்கள். அவசரப்பட்டால் மணி வெடித்துவிடும். அரைநாள் உழைப்பும் வீணாகும்.

ஒரு மேசையும் ஒரு சுடரும் போதுமென்ற இந்நிலை, கைவினைஞருக்கு வேலையில் சுதந்திரம் தந்ததேயன்றி விலையில் சுதந்திரம் தரவில்லை. மணிகளை வாங்கிக் கப்பலேற்றியவர் வணிகர். அவை ஆப்பிரிக்கக் கரைகளில் பொன்னுக்கும் தந்தத்துக்கும், சொல்லவே மனம் கூசும்படி, மனிதர்க்குமே மாற்றாயின.

மணி கோத்த பெண்களின் நிலை, மணி செய்தோர் நிலையினும் இரங்கத்தக்கது. ‘இம்பிரரெஸ்ஸெ’ எனப்பட்ட அவர்கள், மணி நிறைந்த மரத்தட்டை மடியில் ஏந்தித் தெருவாசலில் அமர்ந்து, விசிறிபோல் விரித்துப் பிடித்த நீண்ட ஊசிகள் பலவற்றை மணிக்குவியலில் ஓட்டி ஓட்டிச் சரம் சேர்த்தனர். வேலையைப் பங்கிட்டுக் கொடுத்த இடைத்தரகப் பெண்கள் கூலியில் தம் பங்கை எடுத்துக்கொண்டது போக எஞ்சிய சொற்பமே அவர்களுக்குக் கிடைத்தது. பல மணித் தொழிற்சாலைகள் இணைந்து 1898-இல் ஒரே பெரும் நிறுவனமான பின்னரும் அவர்கள் வாழ்வு உயரவில்லை. 1904-இல் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். விரல் நோகக் கோத்தவர்கள் தம் உழைப்பின் விலையைத் தாமே கேட்ட நாள் அது; அதனை நான் மரியெத்தாவின் அனுமதிப் பத்திரத்துக்குச் சமமாகவே வைப்பேன்.

இன்று வெனிஸிலும் மூரானோவிலும், எண்ணெய் விளக்கின் இடத்தில் வாயுச் சுடரை வைத்துக்கொண்டு, தாமே உருவம் கற்பித்து, தாமே செய்து, தம் சிறு கடையிலேயே விற்கும் மணிக் கலைஞர்கள் இருக்கிறார்கள். அவர்களுள் பெண்கள் பலர். இத்தாலியும் பிரான்சும் கூடி முன்மொழிந்த கண்ணாடி மணிக் கலையை, 2020 டிசம்பரில் யுனெஸ்கோ மானிட குலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாக அங்கீகரித்தது. எனினும், எங்கோ மலிவாக வார்த்த சரக்கு மூரானோவின் பெயரால் அதே தெருக்களில் விற்கப்படுகிறது. ஆகவே, அந்நகருக்கு யாத்திரை செல்லும் அன்பர்கள் மணி வாங்க விரும்பினால், அதனைச் செய்தவரைத் தேடிச் சென்று, அவர் சொல்லும் விலையைக் கொடுத்து வாங்குமாறு வேண்டிக்கொள்கிறேன்.