கேப்டன் நெமோவின் மறைவு

கேப்டன் நெமோவின் மறைவு என்பது, பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல்ஸ் வேர்ண் (1828–1905) எழுதிய அறிபுனைப் புதினங்களில் இடம்பெறும் நெமோ என்னும் கதைமாந்தர் எப்போது, எவ்வாறு இறந்தார் என்பது குறித்து வாசகர்களிடையே நிலவும் கேள்வியைக் குறிக்கும். ஒரு புதினத்தின் முடிவில் அவர் மாண்டிருக்கக்கூடும் என்ற நிலை காட்டப்படுகிறது. அடுத்த புதினத்தில் அவர் உயிருடன் தோன்றி, பின்னர் இறக்கிறார். இரு நூல்களின் ஆண்டுக் கணக்குகளும் பொருந்தாமையே ஊகங்கள் பெருகக் காரணமாயிற்று.

நீர்ச்சுழியில் மறைதல்

"கடலுக்கடியில் இருபதாயிரம் லீக்குகள்" 1869–1870 ஆண்டுகளில் தொடராக வெளிவந்தது. நாட்டிலஸ் என்னும் நீர்மூழ்கிக் கப்பலில் சிறைப்பட்ட பேராசிரியர் அரோனாக்ஸ் இக்கதையைக் கூறுகிறார். கதையின் இறுதியில் நோர்வேயின் லொஃபோட்டன் தீவுகளுக்கு அருகே நாட்டிலஸ் ஒரு பெரும் நீர்ச்சுழியில் சிக்குகிறது. அரோனாக்சும் அவருடைய தோழர் இருவரும் சிறு படகு ஒன்றில் தப்பி, ஒரு மீனவர் குடிசையில் கண்விழிக்கின்றனர். நாட்டிலசுக்கு என்ன நேர்ந்தது, நெமோ உயிருடன் உள்ளாரா என்பன அவருக்கே தெரியவில்லை. இவ்வினாக்களை விடையின்றி விட்டே நூல் முடிகிறது.

நெமோ யார்?

நெமோ என்னும் இலத்தீன் சொல்லுக்கு "எவருமில்லை" என்பது பொருள். வேர்ண் முதலில் இவரை, 1863ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை ஒடுக்கிய உருசியாவைப் பழிவாங்கும் போலந்துப் பிரபுவாகவே எண்ணியிருந்தார். பதிப்பாளர் பியர்-ஜூல் எட்செல் இதனை ஏற்கவில்லை. அடிமை வணிகத்தின் எதிரியாக நெமோவை அமைக்கலாம் என்ற அவருடைய யோசனையை வேர்ண் ஏற்கவில்லை. இதனால் முதல் நூலில் நெமோவின் நாடு கூறப்படாமலேயே விடப்பட்டது.

எனினும் ஒரு குறிப்பு உண்டு. மன்னார் வளைகுடா முத்துக்குளிப்புக் களத்தில், சுறாவிடம் சிக்கிய ஏழை முத்துக்குளிப்பவர் ஒருவரை நெமோ காப்பாற்றி, அவருக்கு முத்துப் பை ஒன்றையும் அளிக்கிறார். அம்மனிதர் ஒடுக்கப்பட்டோரின் நாட்டைச் சேர்ந்தவர் என்றும், தானும் அந்நாட்டவனே என்றும் பின்னர் அரோனாக்சிடம் கூறுகிறார்.

"மர்மத் தீவு" புதினத்தில் மரணம்

1874–1875 ஆண்டுகளில் வெளிவந்த "மர்மத் தீவு", அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது 1865 மார்ச்சில் பலூன் மூலம் தப்பி, பசிபிக் தீவு ஒன்றில் விழும் ஐவரின் கதையாகும். முகம் காட்டாத ஒருவர் அவர்களுக்குக் கருவிகளும் மருந்தும் கிடைக்கச் செய்கிறார். கொள்ளையர் கப்பலையும் அழிக்கிறார். அவர் நெமோ என்பது இறுதியில் தெரியவருகிறது.

அவருடைய உண்மைப் பெயர் இளவரசர் தக்கார். அவர் பந்தேல்கண்ட் அரசரின் மகன். திப்பு சுல்தானின் மருமகன் உறவினர். ஐரோப்பாவில் கல்வி பயின்று 1849இல் நாடு திரும்பினார். 1857ஆம் ஆண்டு எழுச்சியில் பங்கேற்றுக் குடும்பத்தை இழந்தார். அதன் பின்னரே நாட்டிலசைக் கட்டினார். 1868 அக்டோபரில் அவர் இறக்கிறார். அவருடைய விருப்பப்படி, நாட்டிலஸ் அவர் உடலுடன் கடலடியில் மூழ்கடிக்கப்படுகிறது.

காலக் குழப்பம்

முதல் நூலின்படி அரோனாக்ஸ் 1867 இறுதியில் நாட்டிலசை அடைந்து, 1868இல் தப்புகிறார். ஆனால் 1868 அக்டோபரில், அரோனாக்ஸ் பிரிந்து பதினாறு ஆண்டுகள் ஆயின என்று கூறப்படுகிறது. இதன்படி பார்த்தால் அப்பிரிவு 1852இல், அதாவது நாட்டிலஸ் கட்டப்படக் காரணமான எழுச்சிக்கும் முன்னரே நிகழ்ந்திருக்க வேண்டும். அமெரிக்கர் கதை உள்நாட்டுப் போருடன் பிணைந்திருந்தமையால் நெமோவின் இறப்பைப் பிந்தைய ஆண்டுக்குத் தள்ளவும் இயலவில்லை. தேதிகளில் முரண்பாடு உள்ளதை "மர்மத் தீவு" நூலின் அடிக்குறிப்பே ஒப்புக்கொள்கிறது.

திப்பு சுல்தான் 1799இல் மறைந்தவர். மைசூர் அரசருக்கும் வடக்கே உள்ள பந்தேல்கண்ட் அரச குடும்பத்துக்கும் இடையிலான இந்த உறவும் கற்பனையே.

ஊகங்களும் பிற்கால ஆக்கங்களும்

இம்முரண்பாட்டுக்குப் பல விளக்கங்கள் கூறப்படுகின்றன.

- அரோனாக்ஸ் தம் நூலில் தேதிகளை மாற்றி எழுதினார் என்பது ஒன்று. ஆனால் அவரை ஏற்றிச்சென்ற போர்க்கப்பலின் பெயர் ஆபிரகாம் லிங்கன். லிங்கன் குடியரசுத் தலைவரானது 1861இல் ஆதலால், 1852 என்னும் கணக்கு பொருந்தாது.
- இரு நூல்களிலும் வருபவர் ஒரே நெமோ அல்லர் என்பது மற்றொன்று. அமெரிக்க எழுத்தாளர் பிலிப் ஓசே ஃபார்மர் 1973இல் வெளியிட்ட புதினத்தில், நெமோவைச் செர்லக் ஓம்சின் எதிரியான பேராசிரியர் மொரியார்ட்டியாகவே மாற்றியுள்ளார்.
- ஆலன் மூர், கெவின் ஓ'நீல் ஆகியோர் 1999இல் தொடங்கிய வரைகதைத் தொடரில், நெமோ 1898இலும் உயிருடன் உள்ள இந்தியராக வருகிறார். அதன் 2003ஆம் ஆண்டுத் திரைப்பட வடிவில் நசிருதீன் ஷா இவ்வேடத்தில் நடித்தார்.

முதல் நூலை மட்டும் தழுவிய 1954ஆம் ஆண்டு டிஸ்னி திரைப்படம், நெமோ குண்டடிபட்டு இறப்பதாகக் காட்டியது. இவ்வேடத்தில் நடித்தவர் ஆங்கில நடிகர் ஜேம்ஸ் மேசன். இத்தகைய தழுவல்களில் நெமோவின் மரணம் முன்னதாகவே நிகழ்ந்துவிடுவதால், அவர் ஓர் இந்தியர் என்னும் செய்தியும் அவற்றின் பார்வையாளர்களை எட்டாமற் போகிறது.