நிறவெறி வசூலித்த வழிச்செலவு

அமெரிக்காவுக்குப் படிக்கவோ வேலைக்கோ போகும் நம் பிள்ளைகள் முதல் விடுமுறையிலேயே ஒரு நீண்ட கார் பயணத்துக்குத் திட்டம் போடுகிறார்கள். நாலு பேர் சேர்ந்து வாடகைக்கு ஒரு கார். சின்ன கார் போதுமா, பெரிய எஸ்யூவி வேண்டுமா? நாள் வாடகை, இன்சூரன்ஸ், ஓட்டுபவருக்கு 25 வயது ஆகவில்லை என்றால் கூடுதல் கட்டணம், காரை வேறு ஊரில் விட்டால் அதற்கொரு கட்டணம், பெட்ரோல், டோல், மோட்டல், சாப்பாடு. எல்லாவற்றையும் கூட்டி நாலால் வகுத்தால் ஆளுக்கு எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

இதே கணக்கை 1940களில் ஒரு கறுப்பினக் குடும்பம் போட்டிருந்தால் தாள் இன்னும் நீளமாக இருந்திருக்கும். வெள்ளையர் செலவழிக்கத் தேவையில்லாத பணத்தை அவர்கள் செலவழிக்க வேண்டியிருந்தது. பாகுபாட்டை நாம் பெரும்பாலும் அவமானமாகவே பேசுகிறோம். அது ஒரு வசூலும் கூட. அந்த வசூலின் கணக்கு பின்னாளில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் சாட்சியாக நின்றது. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்ல வருகிறேன்.

ஏன் கார்?

1892இல் லூசியானாவில் ஹோமர் பிளெஸ்ஸி என்பவர் வெள்ளையருக்கான ரயில் பெட்டியில் உட்கார்ந்து கைதானார். திட்டமிட்டு நடத்தப்பட்ட போராட்டம் அது. 1896இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ‘தனித்தனியாக வைக்கலாம், வசதி சமமாக இருந்தால் போதும்’ என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம். தனித்தனி என்பது நடந்தது. சமம் என்பது நடக்கவே இல்லை. ரயிலில் அழுக்கடைந்த தனிப் பெட்டி, பேருந்தில் பின் இருக்கை. அதற்கும் முழுக் கட்டணம்.

அதனால் காசு சேர்த்த கறுப்பினக் குடும்பங்கள் காரை விடுதலையாகப் பார்த்தன. முடிந்தவர்கள் எல்லாம் சீக்கிரமாகக் கார் வாங்கிவிடுகிறார்கள், ரயில் பேருந்து அவமானத்திலிருந்து தப்பிப்பதற்காக என்று எழுத்தாளர் ஜார்ஜ் ஷூய்லர் 1930லேயே எழுதினார். காருக்குள் யாரும் எழுந்து நில் என்று சொல்ல முடியாது. ஆனால் கார் எங்காவது நின்றுதானே ஆகவேண்டும்?

எந்தக் கார்?

கறுப்பின மக்கள் பெரிய, கனமான, உறுதியான காரை விரும்பினார்கள். பியூக் போன்ற வண்டிகளுக்கு அவர்களிடம் நல்ல பெயர். பகட்டுக்கு வாங்குகிறார்கள் என்று வெள்ளையர் கேலி பேசினார்கள். காரணம் வேறு. மோட்டலில் அறை கிடைக்காது, ஆகவே குடும்பம் காரிலேயே படுக்கும் அளவுக்கு இடம் வேண்டும். உணவகத்தில் சோறு கிடைக்காது, ஆகவே வறுத்த கோழி, அவித்த முட்டை, தண்ணீர், ஐஸ் பெட்டி எல்லாம் டிக்கியில் ஏற வேண்டும். பெட்ரோல் பங்கில் ஊற்ற மறுக்கலாம், ஆகவே கேனில் கூடுதல் பெட்ரோல். கழிப்பறைக்குள் விடமாட்டார்கள், ஆகவே ஒரு வாளி. எல்லாவற்றுக்கும் மேல், தெரியாத ஊரில் ராத்திரி நேரத்தில் வண்டி பழுதாகி நிற்கக் கூடாது. அதில் உயிரே போகலாம்.

பணம் இருந்தும் நேரடியாகக் கார் வாங்க முடியாத நிலையும் இருந்தது. 1930களில் கேடிலாக் கார்களைக் கறுப்பினத்தவருக்கு விற்பதில்லை என்ற கொள்கை இருந்தது என்றும், வசதியான கறுப்பினத்தவர்கள் ஒரு வெள்ளையருக்குப் பணம் கொடுத்து அவர் பெயரில் வாங்கச் செய்தார்கள் என்றும் மேலாண்மை எழுத்தாளர் பீட்டர் டிரக்கர் பதிவு செய்திருக்கிறார். காரின் விலை போக, வெள்ளைப் பெயருக்கு ஒரு விலை. இன்சூரன்ஸ் நிறுவனங்களில் பல, கறுப்பின ஓட்டுநர் என்றாலே மறுத்தன.

நல்ல காரை ஓட்டிப் போனாலும் நிம்மதி இல்லை. சிலர் காரில் ஒரு டிரைவர் தொப்பியை வைத்திருப்பார்கள். போலீஸ் நிறுத்தினால் தொப்பியை மாட்டிக்கொண்டு, “இது என் முதலாளி கார், கொண்டுபோய் விடப் போகிறேன்” என்று சொல்வார்கள். சொந்தக் காசில் வாங்கிய காருக்குத் தன்னையே வேலைக்காரனாகக் காட்டிக்கொண்டால்தான் ஊர் போய்ச் சேர முடியும்.

எங்கே தங்குவது?

அன்றைய அமெரிக்காவில் ‘சன்டவுன்’ ஊர்கள் என்று இருந்தன. பொழுது சாய்ந்த பிறகு கறுப்பினத்தவர் அங்கே இருக்கக் கூடாது. தெற்கில் மட்டுமல்ல, வடக்கிலும் மேற்கிலும் இவை இருந்தன. சமூகவியலாளர் ஜேம்ஸ் லோவன் 2005இல் இதற்காகவே ஒரு பெரிய நூல் எழுதினார்.

நியூயார்க்கின் ஹார்லெமில் வாழ்ந்த தபால்காரர் விக்டர் ஹ்யூகோ கிரீன் 1936இல் ஒரு சிறு கையேட்டை வெளியிட்டார். ‘நீக்ரோ மோட்டாரிஸ்ட் கிரீன் புக்’ என்று பெயர். கறுப்பினத்தவருக்கு இடம் கொடுக்கும் விடுதி, உணவகம், முடிதிருத்தும் கடை, மெக்கானிக் ஷெட், பெட்ரோல் பங்க் எல்லாம் ஊர் வாரியாக முகவரியோடு அதில் இருந்தன. விடுதியே இல்லாத ஊர்களில் கறுப்பினக் குடும்பங்கள் தங்கள் வீட்டு அறையையே பயணிகளுக்கு வாடகைக்கு விட்டன. அந்த வீடுகளின் முகவரியும் அதில் வந்தது. தகவல் அனுப்பியவர்கள் வாசகர்கள். ஆரம்ப ஆண்டுகளில் விலை 25 சென்ட். எஸ்ஸோ பங்குகளிலும் கிடைத்தது. போர்க்காலத்தில் நின்று, மீண்டும் தொடங்கி, 1966-67 பதிப்போடு முடிந்தது. கிரீன் 1960இல் இறந்த பிறகு அவர் மனைவி ஆல்மா அதைத் தொடர்ந்தார்.

ஊர் வாரியாக எழுதப்பட்ட இந்தப் பட்டியல் இரண்டு வேலைகளைச் செய்தது. பயணியைக் காப்பாற்றியது. எங்கெல்லாம் இடம் இல்லை என்பதற்கும் பதிவாகிப்போனது.

காரே போராட்டமானபோது

1955 டிசம்பரில் மாண்ட்கமரி பேருந்துப் புறக்கணிப்பு தொடங்கியது. ரோசா பார்க்ஸ் கைதானதை எல்லோரும் பேசுகிறோம். ஓராண்டுக்கு மேல், 381 நாள், அது எப்படித் தாக்குப்பிடித்தது என்பதைக் குறைவாகவே பேசுகிறோம். பேருந்துக் கட்டணம் 10 சென்ட். கறுப்பின டாக்சிக்காரர்களும் அதே 10 சென்ட்டுக்கு ஏற்றிச் சென்றார்கள். டாக்சிக்குக் குறைந்தபட்சக் கட்டணம் 45 சென்ட் என்ற விதியைக் காட்டி நகர நிர்வாகம் அதைத் தடுத்தது. உடனே சுமார் 300 சொந்தக் கார்களைக் கொண்டு, ஏறும் இடம் இறங்கும் இடம் குறித்து, ஒரு போக்குவரத்தே நடத்தினார்கள். தேவாலயங்களின் பெயரில் ஸ்டேஷன் வேகன்கள் வாங்கப்பட்டன. ஜார்ஜியா கில்மோர் என்ற சமையல் தொழிலாளி தலைமையில் பெண்கள் சாப்பாடும் கேக்கும் விற்றுப் பணம் சேர்த்தார்கள்.

அதிகாரம் அடித்த இடத்தைக் கவனியுங்கள். 25 மைல் வேகத்தில் போக வேண்டிய இடத்தில் 30 மைலில் போனார் என்று 1956 ஜனவரி 26 அன்று மார்ட்டின் லூதர் கிங்கைக் கைது செய்தார்கள். வண்டிகளின் இன்சூரன்ஸ் ரத்தானது. கடைசியில் லண்டன் லாயிட்ஸ் வரை போய் இன்சூரன்ஸ் எடுத்தார்கள். செலவை ஏற்றிப் போராட்டத்தை முறிக்கலாம் என்பது கணக்கு. மக்கள் வரவு செலவு நோட்டோடு பதில் சொன்னார்கள்.

கணக்கு நீதிமன்றம் ஏறியது

1964 ஜூலை 2 அன்று சிவில் உரிமைச் சட்டம் வந்தது. விடுதிகளிலும் உணவகங்களிலும் நிறப் பாகுபாட்டை அது தடைசெய்தது. அட்லாண்டாவில் 216 அறைகள் கொண்ட ‘ஹார்ட் ஆஃப் அட்லாண்டா’ மோட்டல் அதை எதிர்த்து வழக்குப் போட்டது. என் இடம், யாருக்குக் கொடுப்பது என்பது என் விருப்பம் என்றது.

1875இல் வந்த இதே மாதிரியான சட்டத்தை 1883இல் உச்ச நீதிமன்றம் தூக்கி எறிந்திருந்தது. ஆகவே இம்முறை அரசு வேறு வழியில் வந்தது. மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் காங்கிரசுக்கு உண்டு. பாகுபாடு மக்களின் பயணத்தைத் தடுக்கிறது, வணிகத்தைக் கெடுக்கிறது என்று வாதிட்டது. 1964 டிசம்பர் 14 அன்று நீதிமன்றம் அதை ஏற்றது. அறை கிடைக்காமல் கறுப்பினப் பயணிகள் நெடுந்தூரம் ஓட்ட வேண்டியிருந்ததையும், அவர்களுக்கென்று தனி வழிகாட்டி நூல் தேவைப்பட்டதையும் தீர்ப்பே குறிப்பிட்டது. 25 சென்ட் கையேடு மாதிரியான ஒன்று, நாட்டின் உயர்ந்த நீதிமன்றத்தில் ஆதாரமாகியிருந்தது.

இரட்டை வாடகை

இது நமக்குத் தெரியாத கதை அல்ல. 1901இல் சிறுவன் அம்பேத்கர், அண்ணனோடும் அக்கா பிள்ளைகளோடும் கோரேகாவில் இருந்த அப்பாவைப் பார்க்கப் போனார். மசூர் ரயில் நிலையத்தில் சாதி தெரிந்ததும் எந்த மாட்டுவண்டிக்காரரும் வர மறுத்தார். இரட்டை வாடகை கொடுத்து, வண்டியைப் பிள்ளைகளே ஓட்ட, வண்டிக்காரர் நடந்து வருவது என்று முடிவானது. சாப்பாடு இருந்தது, குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை. 1929இல் சாலிஸ்காவில் குதிரை வண்டிக்காரர் அவருக்கு ஓட்ட மறுத்தார். ஓட்டிப் பழக்கமில்லாத ஒருவர் ஓட்டியதில் விபத்து நடந்து அண்ணல் தூக்கி எறியப்பட்டார். இரண்டையும் அவர் ‘விசாவுக்காகக் காத்திருக்கிறேன்’ என்ற தன்வரலாற்றுக் குறிப்பில் எழுதி வைத்தார். வாடகை இரட்டிப்பானதையும் விடாமல் எழுதினார். கடை, உணவகம், விடுதி, கிணறு, சாலை எதிலும் சாதியைக் காட்டித் தடுக்கக் கூடாது என்று நம் அரசியல் சட்டத்தின் பிரிவு 15(2) சொல்கிறது. அதைப் படிக்கும்போது அந்த மாட்டுவண்டியையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்று

சட்டம் வந்ததோடு வசூல் நிற்கவில்லை. 2015இல் டெக்சாசில் சிக்னல் போடாமல் தடம் மாறினார் என்று நிறுத்தப்பட்ட சாண்ட்ரா பிளாண்ட் மூன்று நாளில் சிறையில் இறந்து கிடந்தார். 2018இல் உச்ச நீதிமன்றம் ‘பைர்ட்’ வழக்கில் ஒரு வாடகை காரைப் பற்றியே பேச வேண்டி வந்தது. ஒப்பந்தத்தில் பெயர் இல்லாதவர் ஓட்டினால் அவருக்கு அந்தரங்க உரிமையே கிடையாது, அவர் சம்மதமின்றிச் சோதிக்கலாம் என்பது அரசின் வாதம். பெயர் இல்லை என்பதற்காக மட்டும் அந்த உரிமை போய்விடாது என்று நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். அங்கே கார் எடுக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை: ஓட்டப்போகும் எல்லோர் பெயரையும் ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுங்கள். கூடுதல் கட்டணம் கேட்டாலும் சேருங்கள்.

இங்கே களத்தில் இருப்பவர்களுக்கும் ஒன்று. சேரிக்குள் வராத ஆட்டோவுக்குப் பதிலாக எடுத்த வண்டிக்கு எவ்வளவு? பக்கத்து ஊர்க் கடையில் முடிவெட்ட மறுத்ததால் டவுனுக்குப் போன பஸ் செலவு எவ்வளவு? வீடு தர மறுத்ததால் தூரத்தில் குடியிருந்து மாதம் ஆகும் பெட்ரோல் எவ்வளவு? கள ஆய்வுக்குப் போகும்போது “அவமானப்படுத்தினார்களா” என்று கேட்பதோடு இதையும் கேளுங்கள். தேதி, ஊர், தொகை போட்டு எழுதுங்கள். ரசீது இருந்தால் படம் எடுத்து வையுங்கள். மனம் புண்பட்டதை மறுக்கத் தெரிந்தவர்களுக்குக் கூட்டிப் போட்ட தொகையை மறுப்பது அவ்வளவு சுலபமில்லை.

ஜெய் பீம்.