தக்காளிக்கு ஓர் இஸ்னாது

சென்ற ஆண்டு செங்கற்பட்டுப் பக்கம் நடந்த விதைத் திருவிழா ஒன்றுக்குப் போயிருந்தேன். நெல், கம்பு, சுரை, பீர்க்கு என்று சிறு சிறு குவியல்களாகப் பரப்பி வைத்திருந்தனர். ஓர் இளைஞரின் மேசையில் காகித உறை ஒன்று என் கண்ணில் பட்டது. அதன்மேல் "500 ஆண்டுப் பாரம்பரிய நாட்டுத் தக்காளி" என்று எழுதியிருந்தது.

"தம்பி, இந்த விதையை உங்களுக்குத் தந்தவர் யார்?" என்று கேட்டேன்.

"திருவண்ணாமலைப் பக்கத்து அண்ணன் ஒருத்தர் கொடுத்தாருங்க, பாய்."

"அவருக்குத் தந்தவர்?"

"அது தெரியலிங்க. பாரம்பரியம்னு சொன்னாரு."

அந்த இளைஞரைக் குறை கூறுவதற்காக இதை எழுதவில்லை. விதையைக் காக்க வேண்டும் என்ற ஆர்வத்தோடு வெயிலில் நின்றவர் அவர். ஆனால் மதரஸாவில் ஏழாண்டுகள் உட்கார்ந்து எழுந்தவனுக்கு ஒரு பழக்கம் தொற்றிக் கொள்கிறது. எந்தச் செய்தியைக் கேட்டாலும் "இதை உமக்குச் சொன்னவர் யார்? அவருக்குச் சொன்னவர் யார்?" என்று நா தானாகவே கேட்டுவிடும். ஹதீஸ் கலை வல்லார் அறிவிப்பாளர் தொடரை, அதாவது இஸ்னாதை, அவ்வாறுதான் ஆராய்ந்தனர். சொன்னவரும் கேட்டவரும் ஒரே காலத்தில் வாழ்ந்தவர்களா, ஓரிடத்தில் சந்தித்திருக்க இயலுமா என்று ஆண்டுக் கணக்குப் போட்டே பல பொய்யுரைகளை வெளிப்படுத்தினர்.

அந்தக் கணக்கை இந்த உறைக்கும் போட்டுப் பார்ப்போம். தக்காளியின் காட்டினங்கள் தென்னமெரிக்காவின் மேற்குக் கரையில், ஆண்டீஸ் மலைத் தொடரை ஒட்டி விளைபவை. அதை வீட்டுப் பயிராக்கிப் பெரிய கனியாக வளர்த்தெடுத்தவர்கள் மெக்சிகோ நாட்டுப் பழங்குடி மக்கள். ஸ்பானியத் தளபதி கோர்ட்டெஸ் அவர்களுடைய தலைநகரைக் கைப்பற்றியது 1521இல். இத்தாலிய மருத்துவர் மத்தியோலி தக்காளியைப் பற்றி எழுதியது 1544இல். ஐரோப்பிய ஏடுகளில் அதைப் பற்றிக் கிடைக்கும் மிகப் பழைய குறிப்புகளுள் அது ஒன்று. ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர் செங்கற்பட்டில் தக்காளி காய்த்திருக்க வேண்டுமானால், அது மெக்சிகோவிலிருந்து நேரே இங்கு பறந்து வந்திருக்க வேண்டும்.

அங்ஙனமாயின் "தக்காளி" என்னும் சொல் தமிழில் பழமையானதன்றோ என்று வாசகர் வினவலாம். பழமையானதுதான். ஆனால் அச்சொல் குறித்த பொருள் வேறு. மணத்தக்காளியை அனைவரும் அறிவோம். வேலியோரத்தில் காகிதக் கூடு போன்ற உறைக்குள் காய்க்கும் சொடக்குத் தக்காளியைச் சிறுவர்கள் நெற்றியில் அடித்து உடைத்து விளையாடியதுண்டு. இத்தகைய சிறு கனிகளுக்கு வழங்கிய பெயரைத்தான் கடல் கடந்து வந்த புதிய கனிக்கும் நம் மக்கள் சூட்டினர். வேறுபாடு தெரிவதற்காகச் "சீமைத் தக்காளி" என்றனர். மிளகை அறிந்த நாடு மிளகாய்க்குப் பெயரிட்ட முறையும் இதுவே.

மெக்சிகோவிலும் இதே கதை நடந்திருக்கிறது என்பது வியப்புக்குரியது. அந்நாட்டின் நாவா மொழியில் "தொமாத்ல்" என்பது உறைக்குள் காய்க்கும் பச்சைக் கனிக்கு உரிய பெயர்; நம் சொடக்குத் தக்காளியின் உறவினம் அது. இன்றைய தக்காளிக்கு அவர்கள் வழங்கிய பெயர் "ஷிதொமாத்ல்". ஸ்பானியர் அந்த முன்னொட்டைப் பொருட்படுத்தாமல் இரண்டையும் "தொமாதே" என்றே அழைத்தனர். ஆக, இரு பெருங்கடல்களுக்கு அப்பாலும் இப்பாலும் ஒரே குடும்பத்துச் சிறிய கனியின் பெயரைப் பெரிய கனி பறித்துக் கொண்டது.

அறபு மொழியில் இன்று "தமாத்திம்" என்பர். சிரியாவிலும் பலஸ்தீனத்திலும் "பனதூரா" என்பர். முன்னது மெக்சிகோச் சொல்லின் வழித்தோன்றல். பின்னது "பொன்கனி" என்று பொருள்படும் இத்தாலியச் சொல்லின் திரிபு. பாரசீகர் "கோஜெ ஃபரங்கி", அதாவது பறங்கியர் நாட்டுப் பழம் என்றனர். வங்காளிகள் "பிலாத்தி பேகுன்", விலாயத்துக் கத்தரிக்காய் என்றனர். வந்த வழியைப் பெயரே சொல்லிவிடுகிறது.

இதற்கு நேர்மாறான பயணம் கத்தரிக்காயினுடையது. பழந்தமிழில் அது வழுதுணை. அதனோடு உறவுடைய திராவிடச் சொல்லொன்றிலிருந்தே வடமொழியின் "வாதிங்கண" பிறந்தது என மொழியறிஞர் சிலர் கருதுவர். பாரசீகத்தில் அது "பாதிங்கான்" ஆயிற்று, அறபியில் "பாதின்ஜான்" ஆயிற்று. அந்தலுஸ் வழியே ஸ்பானிய, போர்த்துக்கீசிய நாவுகளில் புரண்டு, போர்த்துக்கீசியரின் கப்பலேறி மீண்டும் நம் கரைக்கே "பிரிஞ்சால்" என்று வந்து இறங்கியது. தாம்பரம் சந்தையில் ஆங்கிலம் படித்தவர் "பிரிஞ்சால் என்ன விலை?" என்று கேட்கும்போது, தம் பாட்டியின் சொல்லே மேற்கு உலகைச் சுற்றி வந்து தம் வாயில் நிற்பதை அவர் அறியார்!

அந்தலுஸ் என்றதும் ஒரு நூலை நினைவுகூராமல் இருக்க இயலவில்லை. கி.பி. 12ஆம் நூற்றாண்டில் இஷ்பீலியாவில் வாழ்ந்த இப்னுல் அவ்வாம் என்பார் "கிதாபுல் ஃபிலாஹா" என்னும் வேளாண் பெருநூலை இயற்றினார். 1802இல் அது ஸ்பானிய மொழிபெயர்ப்போடு மத்ரீதில் அச்சேறியது. அந்நூலில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட செடிகொடி மரங்கள் இடம்பெற்றுள்ளன. என்னைக் கவர்ந்தது எண்ணிக்கையன்று, முறை. இதை இப்னு பஸ்ஸால் சொன்னார், இது நபாத்தியர் வேளாண் நூலில் உள்ளது என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் கூறுவார். பிறகு, இதை நானே ஷரஃபு மேட்டு நிலத்தில் பயிரிட்டுப் பார்த்தேன் என்று தம் சாட்சியையும் சேர்ப்பார். கத்தரியில் மட்டும் நான்கு வகைகளைப் பிரித்துக் காட்டுகிறார். வெண்ணிறக் காயுடைய எகிப்து வகை, ஊதா நிறத்துச் சிரியா வகை, உள்ளூர்க் கறுப்பு வகை, குர்துபா வகை என ஊரையும் நிறத்தையும் கொண்டே அவற்றை அடையாளப்படுத்தினார். தக்காளி அதில் இல்லை. இருக்கவும் இயலாது. இப்னுல் அவ்வாம் உண்ட உணவில் தக்காளியுமில்லை, மிளகாயுமில்லை, உருளைக்கிழங்குமில்லை.

நம் நாட்டுக்குத் தக்காளியைக் கொணர்ந்தவர் போர்த்துக்கீசியர் என்பது பொதுவாகச் சொல்லப்படுவது. ஆயினும் அது நம் அடுக்களைக்குள் நுழைய நெடுங்காலம் பிடித்தது. ஜார்ஜ் வாட் என்ற ஆங்கிலேயர் இந்தியாவின் விளைபொருள்களைத் தொகுத்து எழுதிய பேரகராதி 1889இலிருந்து வெளிவந்தது. அப்போதும் தக்காளி பெரும்பாலும் ஐரோப்பியருக்காகவே பயிரிடப்பட்டதாகவும், வங்காளியரும் பர்மியரும் புளிப்புக் கறிக்கு அதைப் பயன்படுத்தியதாகவும் அவர் குறிக்கிறார். என் பாட்டியார் தாளிச்சாவுக்குப் புளியும் மாங்காயுமே போடுவார்கள். தக்காளி போட்டால் "ஆஸ்பத்திரிக் குழம்பு" என்று கேலி செய்வார்கள். இன்று தக்காளியில்லாத பிரியாணியைக் கற்பனை செய்தால் கலியாண வீட்டில் கைகலப்பே நடந்துவிடும்.

இப்போது சென்னைக் கடைகளில் இருவகைத் தக்காளி கேட்கிறார்கள். தோல் தடித்து நீண்டு உருண்டிருப்பது "பெங்களூர்த் தக்காளி". தட்டையாக, மெல்லிய தோலோடு, புளிப்பு மிகுந்திருப்பது "நாட்டுத் தக்காளி". ஒரு நூற்றாண்டுக்கு முன் "சீமை" என்று அழைக்கப்பட்டதே இன்று "நாட்டு" ஆகிவிட்டது. புதிதாக ஒன்று வந்ததும் முன்பு வந்தது சொந்தமாகிவிடுகிறது. இதைப் படிக்கையில் வாசகர் சிலருக்கு வேறு நினைவுகளும் எழலாம். அவற்றை நான் இங்கு விரிக்கவில்லை.

அந்த "நாட்டுத் தக்காளி"யின் தொடரைப் பின்னோக்கிப் பிடித்துச் சென்றால் எங்கே போய் நிற்கும்? தமிழ்நாட்டில் பெரிதும் பரவிய பி.கே.எம்.1 என்னும் வகை 1970களின் இறுதியில் பெரியகுளம் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வெளிவந்தது. தட்டையுருண்டை வடிவம், காம்பைச் சுற்றிப் பச்சைத் தோள், தொலைதூரம் அனுப்பினாலும் தாங்கும் உடல். இது வானத்திலிருந்து விழுந்ததன்று. "அன்னஞ்சி" என்னும் உள்ளூர் வகையில் திடீர் மாற்றத்தைத் தூண்டிப் பெற்றது. தேனிக்கு அருகே அன்னஞ்சி என்றே ஓர் ஊர் உண்டு. ஆராய்ச்சிக் குறிப்புகள் அந்தப் பெயரோடு நின்றுவிடுகின்றன. அந்த விதையை அன்னஞ்சியில் எந்தக் கை காத்தது, எந்தத் தாய் மகளுக்குத் தந்தாள் என்பதை எவரும் எழுதி வைக்கவில்லை. கோயம்புத்தூர் வகைகளின் பூர்வீகமோ இன்னும் விரிந்தது. கோ.1 வட இந்தியக் கல்யாண்பூர் வகையிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டது. கோ.2 ரஷ்ய வகையொன்றிலிருந்து. கோ.3 என்பது கோ.1இன் மாற்றம். தில்லியின் பூசா ரூபி, "சியூ" என்னும் அமெரிக்க வகைக்கும் மீரட்டு வகைக்கும் பிறந்தது. நாட்டுத் தக்காளி என்று நாம் ஆசையோடு வாங்கும் கூடையில் இத்தனை நாடுகள் உட்கார்ந்திருக்கின்றன.

அமெரிக்காவில் இந்தத் தொடர்களைத் தேடிப் பதிவதையே பணியாகக் கொண்டோர் உளர். 1975இல் டயான் ஓட் வீலி, கென்ட் வீலி என்ற தம்பதியர் மிசௌரியில் விதை காப்போர் பரிமாற்றச் சங்கத்தைத் தொடங்கினர். பின்னர் அது அயோவா மாநிலத்தின் டெகோராவில் நிலைபெற்றது. டயானின் தாத்தா அவருக்குத் தந்த விதைகளே அதற்கு வித்து. குடும்பத்தின் மூதாதையர் பவேரியாவிலிருந்து குடியேறும்போது கொணர்ந்த இளஞ்சிவப்புத் தக்காளி அவற்றுள் ஒன்று. இங்கே தொடர் அறுபடவில்லை. ஒவ்வொரு கையும் அறியப்பட்ட கை.

மற்றொரு தக்காளிக்கு "செரோக்கி ஊதா" என்று பெயர். 1990இல் டென்னசி மாநிலத்தவர் ஒருவர் கிரேக் லஹூலியர் என்ற விதை ஆர்வலருக்குப் பெயரில்லாத விதைகளை அஞ்சலில் அனுப்பினார். நூறாண்டுகளுக்கு முன் செரோக்கிப் பழங்குடியினரிடமிருந்து அண்டை வீட்டார் பெற்றவை என்று ஒரு குறிப்பும் இருந்தது. அக்குறிப்பைக் கொண்டு லஹூலியர்தாம் பெயர் சூட்டினார். இன்று அப்பெயர் உலகெங்கும் வழங்குகிறது. நம் உஸ்தாதுகளிடம் இதைக் கொடுத்திருந்தால், கடைசி இரு அறிவிப்பாளர்களையும் ஏற்று, அவர்களுக்கு மேலே இருப்போரை "மஜ்ஹூல்", இன்னாரென அறியப்படாதோர், என்று ஓரத்தில் எழுதியிருப்பார்கள். கனியின் சுவைக்கு அதனால் குறைவில்லை; வரலாறு என்று சொல்லும்போது மட்டும் அடக்கம் வேண்டும்.

இவ்வளவும் பிறரைப் பற்றிப் பேசிவிட்டேன். இனி என் கணக்கு.

ஊரப்பாக்கத்தில் நாங்கள் குடியேறியது 1998இல். ஜி.எஸ்.டி. சாலையை விட்டு உள்ளே வந்தால் அப்போது கிணறுகளும் கீரைப் பாத்திகளும் இருந்தன. இன்று கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தின் விளக்கொளி எங்கள் மொட்டை மாடி வரை எட்டுகிறது. அந்நாளில் தெருக் கடைசியில் மூதாட்டி ஒருவர் இருந்தார். கூடையில் காய்கறி விற்பவர். நான் "ஆயா" என்பேன், அவர் "பாய்" என்பார். ஒருநாள் சாம்பலில் புரட்டி நிழலில் உலர்த்திய ஒரு பிடி விதையை என் கையில் வைத்தார்.

"எங்கம்மா ஊட்டு வெத, பாய். காமராசரு மந்திரியா இருக்கச்சொல்ல மொதப் புள்ளைக்கு வந்தப்ப எடுத்தாந்தேன். கடைல வாங்காத, இதப் போடு."

தட்டையான, வரிவரியாய்ப் பிளந்த, வாயைக் கூச வைக்கும் புளிப்புக் கனி அது. ஆண்டுதோறும் போட்டேன். தக்காளி பெரும்பாலும் தன் பூவிலேயே தான் கருவுறுவதாகையால், ஒட்டுவகை அல்லாத விதை தாயைப் போலவே பிள்ளையைத் தரும். நாம் பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டுவதில்லை. 2011இல் ஆயா காலமானார். அதன் பிறகுதான் ஒருநாள் பாடம் நடத்திக்கொண்டிருக்கையில் எனக்கு உறைத்தது: அவருடைய அம்மா வீடு எந்த ஊர் என்று நான் கேட்கவே இல்லை! பதின்மூன்று ஆண்டுகள் பக்கத்தில் இருந்தும் கேட்கவில்லை. மாணவர்களுக்கு முன்கதிஃ, அதாவது தொடர் அறுந்த செய்தி, இன்னதென்று விளக்கியவன் வீட்டு மாடியிலேயே ஒரு தொடர் அறுந்து கிடந்தது. அவர் பிள்ளைகளிடம் விசாரித்தேன். ஒருவர் உத்திரமேரூர்ப் பக்கம் என்றார், மற்றவர் மதுராந்தகம் என்றார்.

மிஞ்சியது காலக் கணக்கு ஒன்றே. காமராசர் முதலமைச்சராயிருந்தது 1954 முதல் 1963 வரை. கோ.1 அதற்குப் பிந்தியது, பி.கே.எம்.1 இன்னும் பிந்தியது. ஆகவே ஆயாவின் நினைவு சரியானால் இது அரசு நிலையங்கள் பரப்பிய அந்த வகைகளின் பிள்ளையன்று. ஆனால் இடையில் ஓராண்டு விதை பொய்த்து, சந்தை நாற்றை வாங்கி நட்டு, அதையே அம்மா வீட்டு விதையென்று எண்ணியிருக்கவும் கூடும். ஆதலால் இதைப் பலவீனமானது என்பேன். புனைந்தது என்று தள்ள மாட்டேன்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் கீழ்வீட்டு அலமாரியிலிருந்த விதை டப்பா இரு நாட்கள் நீரில் மிதந்தது. உலர்த்தி விதைத்ததில் ஏழு விதைகள் முளைத்தன. நான்கு காய்த்தன. இப்போது என்னிடம் இருப்பவை அந்த நான்கின் சந்ததி. உறையின்மேல் "பாரம்பரியம்" என்று நான் எழுதுவதில்லை. "ஊரப்பாக்கம் ஆயா, அவருக்கு அவர் தாயார், ஊர் உத்திரமேரூர் அல்லது மதுராந்தகம், 1954க்கும் 1963க்கும் இடையில், என் கைக்கு 1998, வெள்ளத்தில் தப்பியது 2015" என்று எழுதுகிறேன். சென்ற ஆவணியில் என் மாணவர் மூவருக்கு ஆளுக்கு இருபது விதை தந்தபோது, உறையில் என் பெயருக்குக் கீழே அவரவர் பெயரையும் தேதியையும் எழுதச் சொன்னேன். கூடுவாஞ்சேரி மாணவரின் தொட்டியில் தை மாதம் காய் பிடித்தது. மற்ற இருவரிடமும் இலைச்சுருட்டை நோயில் போய்விட்டது. இந்த ஆவணியில் மீண்டும் கேட்டிருக்கிறார்கள்.