சட்ட மாணவர் அவசர நிதியுதவி (ஐக்கிய அமெரிக்கா)

சட்ட மாணவர் அவசர நிதியுதவி என்பது ஐக்கிய அமெரிக்காவின் சட்டக் கல்லூரிகளில் பயிலும் மாணவர்கள் எதிர்பாராத இடருக்கு உள்ளாகும்போது, படிப்பை இடைநிறுத்தாமல் தொடரும் பொருட்டு வழங்கப்படும் சிறு தொகை ஆகும். தீ விபத்து, திருட்டு, திடீர் நோய், குடும்பத்தினரின் இறப்பு, வாடகை வீட்டை இழத்தல் போன்றவை இதற்குரிய காரணங்களாகக் கொள்ளப்படுகின்றன. மதிப்பெண் அடிப்படையில் படிப்பின் தொடக்கத்தில் வழங்கப்படும் உதவித்தொகைகளிலிருந்து இது வேறுபட்டது.

பின்னணி

அமெரிக்காவில் சட்டக் கல்வி, இளநிலைப் பட்டத்திற்குப் பின் பயிலும் மூன்றாண்டுத் தொழிற்படிப்பாகும். இளநிலை மாணவர்களுக்குரிய பெல் மானியம் சட்ட மாணவர்களுக்குக் கிடைப்பதில்லை. படிக்கும் காலத்து வட்டியை அரசே ஏற்கும் கூட்டரசுக் கடன், பட்டமேற்படிப்பு மாணவர்களுக்கு 2012 ஜூலை 1 முதல் நிறுத்தப்பட்டது. 2006 இல் தொடங்கப்பட்ட கிராஜுவேட் பிளஸ் கடன், கல்லூரி கணக்கிடும் மொத்தச் செலவு வரை கடன் பெற வழிவகுத்தது. 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம், 2026 ஜூலை 1 முதல் புதிய மாணவர்களுக்கு இக்கடனை நீக்கியது. தொழிற்படிப்பு மாணவர்களுக்கான கூட்டரசுக் கடனுக்கு ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 200,000 டாலர் என வரம்பும் விதித்தது. முன்னரே கடன் பெற்றுப் பயின்றுவந்தோருக்கு வரையறுக்கப்பட்ட காலத்திற்கு விலக்கு அளிக்கப்பட்டது. பல தனியார் சட்டக் கல்லூரிகளில் கல்விக் கட்டணம் மட்டுமே ஆண்டுக்கு 50,000 டாலரைத் தாண்டும்.

கடன் தொகை பெரும்பாலும் ஒவ்வொரு பருவத்தின் தொடக்கத்திலும் மொத்தமாக வழங்கப்படுகிறது. கட்டணம் போக எஞ்சியதைக் கொண்டு மாணவர் அப்பருவம் முழுவதும் வாழ வேண்டும். எனவே பருவத்தின் இடையில் நேரும் ஒரு செலவு, வாடகையையோ உணவையோ நேரடியாகப் பாதிக்கிறது. பகுதிநேர வேலையால் இதனை ஈடுசெய்வதும் எளிதன்று. முழுநேர மாணவர் வாரத்திற்கு 20 மணிநேரத்திற்கு மேல் வேலை செய்யலாகாது என்ற அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் விதி 2014 இல் நீக்கப்பட்டது. ஆயினும் முதலாண்டில் வேலையைத் தவிர்க்குமாறு பல கல்லூரிகள் வலியுறுத்துகின்றன. மறுபுறம், உயர்கல்வி மாணவர் பொதுவாக வாரத்திற்கு 20 மணிநேரமாவது வேலை செய்தாலோ வேறு விலக்குக்கு உரியவராக இருந்தாலோ மட்டுமே கூட்டரசின் உணவு உதவித் திட்டத்தில் சேர இயலும்.

வகைகள்

அவசர மானியம்: திருப்பிச் செலுத்த வேண்டாதது. பொதுவாகச் சில நூறு டாலர் முதல் ஓரிரு ஆயிரம் டாலர் வரை அமையும். பழைய மாணவர்களின் நன்கொடை இதற்கு முதன்மையான மூலமாகும்.

குறுங்காலக் கடன்: வட்டியின்றியோ குறைந்த வட்டியிலோ வழங்கப்பட்டு, அடுத்த கல்விக்கடன் தவணை வந்ததும் திருப்பிப் பெறப்படுகிறது. பணம் வருவதில் ஏற்படும் தாமதத்திற்கு இது பொருந்தும். வருமானமே இல்லாத நிலைக்குப் பொருந்தாது.

செலவு வரம்பைத் திருத்துதல்: உயர்கல்விச் சட்டத்தின்படி, நிதியுதவி அலுவலர் தனி மாணவர் ஒருவரின் சிறப்புச் சூழலை ஆவணங்களின் அடிப்படையில் ஆராய்ந்து, அவருக்குரிய செலவுக் கணக்கை மாற்றலாம். இதனால் கூடுதல் கடன் பெற வழி ஏற்படக்கூடும். எனினும் சட்டம் விதித்த கடன் வரம்பை இவ்வகையில் மீற இயலாது.

விண்ணப்பமும் வழங்கலும்

விண்ணப்பத்தைப் பெரும்பாலும் மாணவர் நலத் துறைத் தலைவரோ நிதியுதவி அலுவலகமோ பரிசீலிக்கிறது. நிகழ்ந்தது என்ன, தேவைப்படும் தொகை எவ்வளவு, வேறு வழிகள் உள்ளனவா ஆகியவை கேட்கப்படும். மருத்துவமனைக் கட்டணச் சீட்டு, காவல்துறை அறிக்கை, வீட்டு உரிமையாளரின் அறிவிப்பு போன்றவை சான்றாக ஏற்கப்படுகின்றன. கல்விக் கட்டணமும் முன்கூட்டியே தெரிந்த செலவுகளும் பொதுவாக இதில் அடங்கா. சில கல்லூரிகள் பணத்தை மாணவரிடம் கொடுக்காமல் வீட்டு உரிமையாளருக்கு நேரடியாகச் செலுத்துகின்றன.

பேரிடர்க் காலங்கள்

2005 ஆகஸ்ட் மாதம் கத்ரீனா சூறாவளி தாக்கியபோது நியூ ஓர்லியன்சு நகரின் துலேன், லயோலா ஆகிய இரு சட்டக் கல்லூரிகளும் அங்கு வகுப்பு நடத்த இயலாமற் போயின. அம்மாணவர்களை நாட்டின் பிற சட்டக் கல்லூரிகள் அப்பருவத்திற்கு ஏற்றுக்கொண்டன. லயோலா கல்லூரி தன் வகுப்புகளை ஹியூஸ்டன் நகரில் நடத்தியது.

கொரோனாப் பெருந்தொற்றின்போது 2020 மார்ச் 27 அன்று நிறைவேறிய கேர்ஸ் சட்டம், உயர்கல்விக்கு ஏறத்தாழ 1,400 கோடி டாலர் ஒதுக்கியது. கல்லூரிகள் தமக்குக் கிடைத்த முதன்மைப் பங்கில் பாதியையாவது மாணவர்களுக்கு அவசர மானியமாக வழங்க வேண்டியிருந்தது. வெளிநாட்டு மாணவர்களும் குடியேற்ற ஆவணம் இல்லாதோரும் இதற்குத் தகுதியற்றவர்கள் எனக் கல்வித் துறை 2020 இல் விதி வகுத்தது. 2021 மே மாதத்தில் வெளியான புதிய விதி இக்கட்டுப்பாட்டை அகற்றியது.

வழக்கறிஞர் தகுதித் தேர்வுக் காலம்

சட்ட மாணவர் பலர் மே மாதம் பட்டம் பெற்று, ஜூலை இறுதியில் வழக்கறிஞர் தகுதித் தேர்வு எழுதுகின்றனர். படிப்பு முடிந்துவிடுவதால் இவ்விடைக்கால வாழ்க்கைச் செலவுக்குக் கூட்டரசுக் கல்விக்கடன் கிடைப்பதில்லை. தனியார் கடனே பலருக்கும் வழியாகிறது. 2020 இல் பல மாநிலங்கள் தேர்வைத் தள்ளிவைத்தபோது இவ்விடைவெளி மேலும் நீண்டது. யூட்டா, வாசிங்டன், ஓரிகன் உள்ளிட்ட சில மாநிலங்கள் அவ்வாண்டு வரையறுத்த நிபந்தனைகளுடன் தேர்வின்றியே உரிமம் வழங்கின. மேலும், உரிமத்திற்கு முன் நடக்கும் நன்னடத்தை ஆய்வில் நிதிப் பொறுப்புகளைப் புறக்கணித்தலும் கருத்திற் கொள்ளப்படுகிறது. எனவே இடர்க்காலத்தில் தவறிய தவணைகளுக்கும் விண்ணப்பதாரர் விளக்கம் அளிக்க வேண்டி வரலாம்.

வரியும் விதிகளும்

கட்டணம், நூல்கள் ஆகியவற்றுக்குச் செலவாகும் உதவித்தொகைக்கு வரிவிலக்கு உண்டு. வாடகை, உணவு ஆகியவற்றுக்கானது பொதுவாக வருமானமாகக் கருதப்படும். கேர்ஸ் சட்ட மானியங்களுக்கு முழு விலக்கு வழங்கப்பட்டது. 2024-25 கல்வியாண்டு முதல், எதிர்பாராத செலவுக்கான அவசர உதவி, மாணவரின் பிற நிதியுதவிகளோடு சேர்த்துக் கணக்கிடப்படுவதில்லை. அதற்கு முன்னர், அவசர மானியம் பெற்றவரின் மொத்த உதவி வரம்பைத் தாண்டினால் கடன் குறைக்கப்படும் நிலை இருந்தது.

விமர்சனங்கள்

இவ்வுதவி ஒருமுறை நேரும் இடருக்கே பயன்படும் என்பதும், நீடித்த வறுமைக்குத் தீர்வாகாது என்பதும் பொதுவான விமர்சனங்களாகும். வீட்டையோ உடைமைகளையோ இழந்தவரிடம் ஆவணங்களைக் கேட்பது உதவியைத் தாமதப்படுத்துகிறது. சான்று கேட்பதைக் குறைத்தால் சிறிய நிதி விரைவில் தீர்ந்துவிடும் என்பது மறுதரப்பு வாதம். உடன் பயில்வோர் அறிந்துவிடுவர் என்ற கூச்சத்தாலும், இப்படியொரு நிதி இருப்பதை அறியாமையாலும் தகுதியுள்ள சிலர் விண்ணப்பிப்பதில்லை.

இவற்றையும் பார்க்க

கல்விக் கடன்
உதவித்தொகை
சட்டக் கல்வி
அமெரிக்க வழக்கறிஞர் சங்கம்