முதல் டீ

போடியிலிருந்து மெட்டுக்கு ஏற 17 கொண்டை ஊசி வளைவுகள். சின்ன வயசில் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே போவேன். அன்றைக்கு ஆறாவதோடு எண்ணிக்கை விட்டுப்போனது. வயிற்றுக்குள் என்னவோ புரண்டுகொண்டிருந்தது. முன்னாலும் பின்னாலும் ஏலத் தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிப் போகும் ஜீப்புகள். போடிமெட்டில் டீ குடிக்க இறங்கியபோது, தலையில் துண்டு கட்டிய ஒரு அக்கா என் தோளில் தொங்கிய நீளமான பையைப் பார்த்துவிட்டு, “என்ன தம்பி, நாதஸ்வரமா? எங்க கல்யாணம்?” என்று கேட்டார். கோல்ஃப் மட்டை என்று சொல்ல வாய் வரவில்லை. “ஆமாக்கா” என்றேன்.

மலைமேல் ஒரு பழைய கிளப்பில் என் முதல் அமெச்சூர் டோர்னமெண்ட். பெங்களூரில் வேலை பார்த்தபோது ஆபீஸ் நண்பர்களோடு டிரைவிங் ரேஞ்சுக்குப் போய்ப் பழகிய ஆட்டம். அங்கே நன்றாகத்தான் அடிப்பேன். இங்கே முதல் டீயில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். சுற்றி முப்பது பேர் இருந்திருப்பார்கள். கூப்பிட்டதும் எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள்.

அந்த அமைதிதான் என்னைக் கொன்றது. நம் ஊர் ஆட்டம் எதிலும் அமைதி கிடையாது. கபடியில் நம் மூச்சே சத்தம். ஜல்லிக்கட்டில் மைக் நிற்காது. பயம் அந்தச் சத்தத்துக்குள் ஒளிந்துகொள்ளும். கோல்ஃபில் ஒளிய இடமில்லை. கிரிக்கெட்டில் பந்து நம்மைத் தேடி வரும், யோசிக்க நேரமிருக்காது. இங்கே பந்து சும்மா கிடக்கும், நாமாக ஆரம்பிக்கவேண்டும். நான்கு மணி நேர ஆட்டத்தில் மட்டை பந்தைத் தொடும் நேரத்தைக் கூட்டினால் ஒரு நொடிகூட வராது. மிச்சமெல்லாம் நடப்பதும் நினைப்பதும்தான்.

அடித்தேன். பந்தின் மண்டையில் பட்டு, பத்தடி உருண்டு, புல்லில் நின்றது. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.

என்னோடு வந்த கேடிக்கு அறுபது வயதிருக்கும். (தமிழில் ‘கேடி’ என்றால் போலீஸ் பட்டியலில் இருக்கிற ஆள். கோல்ஃபில் பை தூக்குகிறவர். முதல்முறை கேட்டபோது எனக்குத் திக்கென்றது.) பந்தை நோக்கி நடக்கும்போது மெதுவாகக் கேட்டார், “சார் எந்த ஊரு?” போடி என்றேன். அதன்பிறகு ‘சார்’ போய்விட்டது. “போடியா? எங்க தாத்தா கொட்டகுடி வழியா நடந்தே மல ஏறுன ஆளு தம்பி.” அப்புறம் வேறெதுவும் சொல்லாமல் ஒன்றே ஒன்று சொன்னார்: “பந்துல எழுதியிருக்க நம்பரப் பாருங்க. அடிச்ச பெறகும் அந்தப் புல்லையே பாருங்க. பந்து எங்க போகுதுன்னு நான் பாத்துக்கறேன்.”

இந்த ஒரு வாக்கியத்துக்குப் பின்னால் எவ்வளவு வரலாறு இருக்கிறது என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

முதலில் அந்தக் கொட்டகுடி வழி. இன்றைக்குக் குரங்கணி என்றால் டிரெக்கிங் ஞாபகம் வரும். ஒரு காலத்தில் மூணாறின் தேயிலை உலகத்துக்கு இறங்கியது அந்தச் சரிவு வழியாகத்தான். 1902இல் குண்டலைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாள வண்டி போட்டார்கள். 1908இல் அதைச் சின்ன ரயிலாக மாற்றினார்கள். டாப் ஸ்டேஷன் வரை ரயிலில் வரும் பெட்டிகள் அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு கொட்டகுடிக்கு இறங்கும். அப்புறம் மாட்டுவண்டியில் போடி. 1924 ஜூலை வெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போனது. மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது 1928இல்தான். தேயிலை இறங்கிய வழியிலேயே அரிசியும் ஆட்களும் மேலே போனார்கள். கங்காணிகள் கூட்டிப்போன குடும்பங்கள் காட்டை வெட்டித் தோட்டமாக்கின. தோட்டம் வந்ததும் துரைகளுக்குக் கிளப் வந்தது, கிளப் வந்ததும் கோல்ஃப் வந்தது. கொடைக்கானல் கோல்ஃப் கிளப் 1895இலேயே தொடங்கிவிட்டது. மூணாறில் ஹைரேஞ்ச் கிளப், குண்டலையில் இன்னொரு மைதானம். ஹைரேஞ்ச் கிளப்பின் பாரில் பழைய தோட்ட துரைகளின் தொப்பிகள் இன்றும் சுவரில் தொங்குகின்றன. அந்த மைதானங்களில் புல் வெட்டியவர்களும் பை தூக்கியவர்களும் நம் ஆட்கள். அவர்களுடைய தொப்பியை யாரும் மாட்டிவைக்கவில்லை.

முதல் டீயில் என் கை நடுங்கியதில் பாதி இதனால்தான் என்று இப்போது தோன்றுகிறது. பந்தைப் பற்றிய பயம் பாதி. ‘நீ இங்க என்னடா பண்ற?’ என்று யாரோ கேட்கப்போகிறார்கள் என்ற பயம் பாதி.

இந்த இரண்டாவது பயத்தை நன்றாக அறிந்த ஒருவன் வரலாற்றில் இருக்கிறான். ஃபிரான்சிஸ் விமெட். அமெரிக்காவில் பாஸ்டன் பக்கத்தில் புரூக்ளைன் என்ற ஊர். அங்கே ‘த கன்ட்ரி கிளப்’ என்ற பணக்காரர்களின் கிளப். அதன் 17ஆம் குழிக்கு எதிரே, தெருவைத் தாண்டினால் விமெட்டின் வீடு. அப்பா கூலி வேலைக்காரர். பையன் பள்ளிக்கூடத்துக்கு மைதானத்தின் குறுக்கே நடந்துபோவான், தொலைந்த பந்துகளைப் பொறுக்குவான், அப்புறம் அங்கேயே கேடியானான். யூ.எஸ். அமெச்சூர் போட்டிக்கு மூன்று முறை முயன்று தகுதிச் சுற்றைத் தாண்டமுடியாமல் திரும்பியவன்.

1913 செப்டம்பரில் அதே மைதானத்தில் யூ.எஸ். ஓப்பன். விமெட்டுக்கு 20 வயது, விளையாட்டுச் சாமான் கடையில் வேலை. எதிரே இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்த இருவர். பிரிட்டிஷ் ஓப்பனை அதற்குள் ஐந்து முறை வென்றுவிட்ட ஹாரி வார்டன், 1912இல் அதே பட்டத்தை வென்ற டெட் ரே. நான்கு சுற்று முடிந்தபோது மூவரும் சமமாக 304இல் நின்றார்கள். மறுநாள், செப்டம்பர் 20, மழை ஈரத்தில் 18 குழி பிளேஆஃப். ஆயிரக்கணக்கில் கூட்டம்.

விமெட்டின் பையைத் தூக்கியவன் எடி லோவரி, பத்து வயது, பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டு வந்தவன். பழைய படத்தைப் பார்த்தால் சிரிப்பு வரும். பை அவன் உயரத்துக்கு இருக்கிறது. பிளேஆஃப் அன்று காலை, இவ்வளவு பெரிய ஆட்டத்துக்கு ஒரு பொடியனா என்று ஒருவர் பணம் நீட்டிப் பையைக் கேட்டிருக்கிறார். எடி கண்ணீர்விட்டானே தவிர பையை விடவில்லை. விமெட்டும் அவனை விடவில்லை. அந்தப் பையன் என்ன ஆலோசனை சொல்லிவிட முடியும்? காற்று, சரிவு, தூரம் பற்றி வார்டனுக்குத் தெரிந்ததில் நூறில் ஒன்று அவனுக்குத் தெரியாது. அவன் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான், பந்திலிருந்து கண்ணை எடுக்காதே என்று.

விமெட் 72, வார்டன் 77, ரே 78.

இந்தக் கதையை ஏழைப்பையன் ஜெயித்த கதையாகத்தான் எப்போதும் சொல்வார்கள், ஹாலிவுட்டும் அப்படித்தான் படமெடுத்தது. எனக்குப் பிடித்தது வேறு. அன்று கைநடுக்கம் யாருக்கு இருந்தது என்று பார்த்தால், வார்டனுக்கு! 1903இல் காசநோய் வந்த பிறகு வார்டனின் வலது கை சின்னச் சின்ன பட்களில் திடீரென்று வெட்டி இழுக்க ஆரம்பித்தது. உலகத்திலேயே அழகாக மட்டை வீசும் மனிதருக்கு இரண்டடி தூரத்துப் பந்து பயம். பின்னால் டாமி ஆர்மர் என்ற ஆட்டக்காரர் இந்த இழுப்புக்கு ‘யிப்ஸ்’ என்று பெயர் வைத்தார். பெயர் வந்ததே தவிர மருந்து வரவில்லை. சாம் ஸ்னீட் 1960களில் பந்தைக் காலுக்கு நடுவே வைத்து உலக்கை பிடிப்பதுபோல் மட்டையைப் பிடித்துத் தப்பிக்கப் பார்த்தார். 1968இல் அதையும் தடைசெய்துவிட்டார்கள்.

பாபி ஜோன்ஸ் இன்னொரு மாதிரி. 1916இல், 14 வயதில், மெரியனில் தன் முதல் யூ.எஸ். அமெச்சூரில் இரண்டு ஆட்டம் ஜெயித்து மூன்றாவதில் தோற்றார். அந்த வயதில் பயமே இல்லை, கோபம்தான். 1921இல் செயின்ட் ஆண்ட்ரூஸில் முதல்முறை பிரிட்டிஷ் ஓப்பன் ஆடியபோது, மூன்றாம் சுற்றில் 11ஆம் குழியின் மணலில் மாட்டிக்கொண்டு ஆட்டத்தையே விட்டுவிட்டார். வாழ்நாள் முழுக்க அதற்காக வெட்கப்பட்டார். பெரிய ஆளான பிறகும் போட்டி வாரங்களில் சோறு இறங்காமல் உடம்பு மெலிந்துபோகும். 1930இல் ஒரே வருடத்தில் நான்கு பெரிய பட்டங்களையும் வென்றுவிட்டு, 28 வயதில் போட்டி ஆட்டத்தை விட்டு விலகினார். கடைசிவரை அமெச்சூர்.

ஆக, பயம் போய்விடும் என்ற நம்பிக்கையை இவர்களிடம் தேடக்கூடாது. வேறு எதைத் தேடலாம்?

கனடாவில் ஜோன் விக்கர்ஸ் என்ற ஆய்வாளர் 1992இல் கோல்ஃப் ஆடுகிறவர்களின் கண்ணசைவைப் பதிவுசெய்தார். நன்றாக ஆடுகிறவர்கள் அடிப்பதற்குச் சற்று முன்பிருந்து பந்தின் ஓரிடத்தையே பார்க்கிறார்கள், பந்து போன பிறகும் அந்த இடத்தில் கண் ஒரு கணம் தங்குகிறது. சுமாராக ஆடுகிறவர்களின் கண் அலைபாய்கிறது. எடி லோவரி சொன்னதும் என் கேடி சொன்னதும் இதேதான், மிஷின் இல்லாமல்.

இன்னொரு ஆய்வும் உண்டு. சியான் பைலாக், தாமஸ் கார் என்ற இருவர் 2000களின் தொடக்கத்தில் பட்டிங் ஆட வைத்துப் பார்த்தார்கள். கை தேர்ந்தவர்கள் ஒவ்வொரு அசைவையும் கவனிக்க ஆரம்பித்தால் சொதப்புகிறார்கள். புதிதாக ஆடுகிறவர்கள் அப்படியில்லை, கவனித்தால்தான் அவர்களுக்கு நல்லது, அவசரப்படுத்தினால் கெடுகிறது. ‘யோசிக்காம அடி மச்சி’ என்று முந்தின நாள் நண்பர்கள் அனுப்பிய மெசேஜ் எல்லாம் எனக்குப் பொருந்தாத வைத்தியம் என்று புரிந்தது. அது சாம்பியனுக்கான மருந்து. நான் அன்றைக்குப் பத்தடி உருட்டிய ஆள்.

போடியில் எங்க மாமா ஏலக்காய் வியாபாரி. இப்போது ஏலம் கம்ப்யூட்டரில் நடக்கிறது. முன்பு வாயால் கூவுவார்கள், விலையைக் கத்திச் சொல்வதிலேயே பாதிப் படபடப்பு இறங்கிவிடும். மிஷின் வந்த பிறகு கூடம் அமைதியாகிவிட்டது. எல்லோரும் திரையைப் பார்த்துக்கொண்டு, விரலைப் பொத்தான்மேல் வைத்துக்கொண்டு. மாமா இடது கையில் நாலு சாம்பிள் காயை வைத்து உருட்டிக்கொண்டே இருப்பார். ஏன் மாமா என்று கேட்டால், “சும்மா இருந்தா விரல் தானா அமுக்கிரும்டா. லட்ச ரூவா போயிரும்” என்பார். கோல்ஃப்காரர்கள் அடிப்பதற்கு முன் கையுறையை இழுத்துவிடுவதும், இரண்டு முறை மட்டையைச் சும்மா ஆட்டுவதும் இந்த வகைதான். வெளியிலிருந்து பார்த்தால் ஸ்டைல்.

என்னை உண்மையில் காப்பாற்றியவர் ஒரு இங்கிலாந்து டாக்டர். ஃபிராங்க் ஸ்டேபிள்ஃபோர்ட், அறுவை மருத்துவர். ஒரே ஒரு குழியில் பத்துப் பதினைந்து அடி அடித்துவிட்டால் மொத்த நாளும் பாழ் என்ற நிலை அவருக்குப் பிடிக்கவில்லை. அடிகளைக் கூட்டுவதற்குப் பதிலாக ஒவ்வொரு குழிக்கும் புள்ளி கொடுக்கும் முறையை உருவாக்கினார். 1932இல் வாலசி கிளப்பில் அதை வைத்துப் போட்டி நடந்தது. இதில் ஒரு குழி எவ்வளவு கேவலமாகப் போனாலும் பூஜ்யம்தான், அதற்குக் கீழே கிடையாது. பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு அடுத்த குழிக்குப் போகலாம். கிளப் போட்டிகள் நிறைய இந்த முறையில்தான் நடக்கின்றன, நான் ஆடியதும் அப்படித்தான். ஒரு டாக்டர் கண்டுபிடித்தது என்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

முதல் குழியில் எனக்குப் பூஜ்யம். இரண்டாவதிலும் பூஜ்யம். மூன்றாவதில் பந்தில் அச்சிட்டிருந்த 3 என்ற எண்ணைப் பார்த்தேன். அடித்த பிறகு புல்லைப் பார்த்தேன். கேடி ஒன்றும் சொல்லாமல் நடக்க ஆரம்பித்தார், அதனால் நல்ல அடி என்று தெரிந்தது. கை நடுங்கத்தான் செய்தது, 18ஆம் குழி வரை. ஒவ்வொரு டீயிலும் நடுங்கியது. இடையில் அவரே சொன்னார், திங்கட்கிழமை கிளப் விடுமுறையில் கேடிகள் தங்களுக்குள் ஆடுவார்களாம், பழைய ஏழாம் நம்பர் ஐயன் ஒன்றை வைத்து ஆறு பேர். “அப்ப ஒடம்பு நடுங்காதா?” என்றேன். “அம்பது ரூவா பந்தயம் தம்பி. நடுங்காம?”

2009இல் இந்தியன் ஓப்பனை பிளேஆஃபில் ஜெயித்த சின்னசாமி முனியப்பா பெங்களூரில் கேடியாக இருந்தவர். அந்தப் பெயரைச் சொன்னேன். அவருக்குத் தெரிந்திருந்தது, தேதி உட்பட.

18 புள்ளிகள். கடைசியிலிருந்து நாலாவது இடம். இறங்கும்போது போடிமெட்டில் அதே டீக்கடை. சாயங்கால ஜீப்புகள் நின்றுகொண்டிருந்தன, காலையில் பார்த்த அக்கா ஏலக்காய் வாசனையோடு உட்கார்ந்திருந்தார். பையைப் பார்த்ததும் கேட்டார், “கல்யாணம் எப்படி? நல்லா வாசிச்சீகளா?”

“மொதல்ல ரெண்டு பாட்டு சரியில்லக்கா” என்றேன்.